லாகவுட் செய்யாமலே போகிறவர்கள் தளத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று எப்படிக் கணக்கெடுப்பது?

கயல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவமனைப் பணியாளர்களுக்கான ஒரு பயிற்சித் தளத்தைப் பராமரிக்கிறேன். பிஹெச்பி மொழியில் எழுதியது, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். ஃபிரேம்வொர்க் எதுவும் கிடையாது, முன்பு இருந்தவர் கையால் எழுதிவைத்துப் போன கோடு. செவிலியர்களும் ஆய்வகப் பணியாளர்களும் வேலை நேரத்துக்கு இடையில் உள்ளே வந்து பாடங்களைப் படிப்பார்கள், வீடியோ பார்ப்பார்கள். ஒரு பாடத்தில் குறைந்தது 6 மணி நேரம் செலவிட்டிருந்தால்தான் சான்றிதழ். அதனால் மாதக் கடைசியில், யார் எவ்வளவு நேரம் லாகின் ஆகி இருந்தார்கள் என்ற பட்டியலை என்னிடம் கேட்கிறார்கள்.

இப்போது இருக்கும் ஏற்பாடு இதுதான். ஒரு டேபிள். அதில் பயனர் எண், லாகின் நேரம், லாகவுட் நேரம். லாகின் ஆகும்போது ஒரு வரிசை சேரும். லாகவுட் பட்டனை அழுத்தினால் அந்த வரிசையில் நேரம் பதிவாகும். இரண்டையும் கழித்தால் கணக்கு வந்துவிடும் என்பது திட்டம்.

நடப்பது வேறு. லாகவுட் பட்டனை யாருமே அழுத்துவதில்லை. வார்டிலிருந்து கூப்பிட்டால் ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேலை அப்படி. ஆனால் டேபிளில் பாதிக்கு மேல் லாகவுட் நேரம் காலியாக இருக்கிறது. சிலர் மறுநாள் அதே டேப்பைத் திறந்து அப்போது லாகவுட் செய்கிறார்கள். அவர்கள் கணக்கில் 19 மணி நேரம், 22 மணி நேரம் என்று நிற்கிறது. உண்மையாகவே மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்தவருக்கு காலி, திறந்து போட்டுவிட்டுப் போனவருக்கு 22 மணி நேரம். இதை வைத்து ஒருவருக்குச் சான்றிதழ் கிடைக்கும், இன்னொருவருக்குக் கிடைக்காது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பக்கத்தை மூடும்போது பிரௌசர் எழுப்பும் பிஃபோர்அன்லோட் நிகழ்வில் ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் பெரும்பாலும் வருகிறது. ஃபோனில் பெரும்பாலும் வருவதில்லை. எங்களிடம் முக்கால்வாசிப் பேர் ஃபோனில்தான் வருகிறார்கள்.

செஷன் (லாகின் ஆனவரைப் பற்றி சர்வர் நினைவில் வைத்திருக்கும் பதிவு) காலாவதியாகும் நேரத்தை லாகவுட் நேரமாக எடுத்துக்கொள்ள வழி உண்டா? இல்லை, இதைச் செய்வதற்கு வேறு முறை இருக்கிறதா?

---

சேந்தன் எழுதியது:

கயல், நல்ல கேள்வி. உறுத்துகிறது என்று சொன்னீர்களே, அந்த உணர்வு சரியானது. பயிற்சித் தளங்களுக்குப் பின்னால் இருக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். நேரக் கணக்கு தவறாக இருந்தால் அதில் நஷ்டப்படுவது எப்போதும் ஒழுங்காகப் படித்தவர்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் செஷன் காலாவதி பற்றி. அதை லாகவுட் நேரமாக எடுக்க முடியாது. பிஹெச்பியில் செஷனின் ஆயுள் இயல்பாக 1440 நொடி, அதாவது 24 நிமிடம். ஆனால் 24 நிமிடம் முடிந்ததும் யாரோ வந்து அதை மூடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பழைய செஷன் கோப்புகளைத் துடைக்கும் வேலை, வேறு யாரோ ஒருவரின் கோரிக்கை வரும்போது, அதுவும் குலுக்கல் முறையில்தான் நடக்கிறது. இயல்பான அமைப்பில் நூறு கோரிக்கைக்கு ஒன்று என்ற வாய்ப்பு. டெபியன் வகை லினக்ஸ் சர்வர்களில் அந்தக் குலுக்கலையும் நிறுத்திவிட்டு, குறித்த நேரத்தில் ஓடும் தனி வேலையாக வைத்திருப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் 'இவர் போய்விட்டார்' என்று உங்களுக்குச் சொல்லும் ஒரு கணம் அங்கே கிடையாது. அப்படியே இருந்தாலும் அது ஆள் போய் 24 நிமிடம் கழித்து வரும் செய்தி.

அடிப்படைக் காரணம், பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபியின் இயல்பு. ஒரு கோரிக்கை வரும், பதில் போகும், அதோடு சர்வருக்கு அந்த ஆளைப் பற்றி எதுவும் தெரியாது. 'உள்ளே இருக்கிறார்' என்பது நாமாக வைத்துக்கொண்ட கற்பனை. கையில் இருப்பது, ஆளை அடையாளம் காட்ட பிரௌசர் ஒவ்வொரு முறையும் அனுப்பும் ஒரு குக்கீயும், கோரிக்கைகள் வந்த நேரங்களும் மட்டுமே.

அதனால் எதை அளக்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். லாகின் செல்லுபடியாக இருந்த நேரம் ஒன்று. முதல் கோரிக்கையிலிருந்து கடைசிக் கோரிக்கை வரைக்குமான நேரம் இன்னொன்று. பாடப்பக்கம் கண்முன் திறந்திருந்த நேரம் மூன்றாவது. உங்களிடம் வாயால் கேட்பது முதலாவதை. மனதில் வைத்துக் கேட்பது மூன்றாவதை. 'என்னை நினைவில் வை' என்று டிக் செய்தவர் ஒரே லாகினில் மாதக்கணக்கில் இருப்பார், அவரிடம் முதல் அளவுக்கு அர்த்தமே இல்லை. மூன்றாவதையே கட்டுங்கள் என்பது என் கருத்து.

எளிய வழியிலிருந்து தொடங்கலாம் என்றால், லாகவுட் நேரம் என்ற பத்தியை விட்டுவிட்டு 'கடைசியாகக் கண்ட நேரம்' என்று ஒன்று வைக்கலாம். ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைப் புதுப்பித்தால் போதும். நிறைய தளங்களுக்கு இதுவே போதுமானது. உங்களுக்குப் போதாது, ஏனென்றால் கடைசிப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பது இதில் விழாது. ஒரே ஒரு வீடியோ பக்கத்தைத் திறந்து 40 நிமிடம் பார்த்துவிட்டுப் போனவரின் நேரம் பூஜ்யமாக வரும். தளத்துக்கு வருகிறவர்களை எண்ணித் தரும் கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பிலும் இதே குறைதான். ஒரு பக்கம் மட்டும் பார்த்து வேறெதுவும் செய்யாமல் போனவரின் வருகை 0 நொடியாகப் பதிவாகும்.

ஆகவே பக்கம் திறந்திருக்கும்போது அதுவே அவ்வப்போது சர்வருக்கு ஒரு சின்னத் தகவல் அனுப்பட்டும். இதைத்தான் ஹார்ட்பீட் என்பார்கள், நான் பிங் என்றே எழுதுகிறேன். 30 நொடிக்கு ஒன்று போதும். பக்கம் திறந்ததும் ஒன்று, பிறகு 30 நொடிக்கு ஒன்று, பக்கம் கண்ணிலிருந்து மறையும்போது ஒன்று.

மறைவதைப் பிடிக்க பிஃபோர்அன்லோட் வேண்டாம். ஃபோனில் ஒருவர் வேறு ஆப்புக்குப் போய், பிறகு பிரௌசரையே தள்ளி மூடினால் அது எழவே எழாது. விசிபிலிட்டிசேஞ்ச் என்ற நிகழ்வைக் கேளுங்கள். டேப் மாறினாலும், ஆப் மாறினாலும், ஃபோன் திரை பூட்டிக்கொண்டாலும் பக்கத்தின் நிலை 'மறைந்தது' என்று ஆகும். ஃபோனில் நம்பத்தக்க கடைசிக் கணம் அதுதான். அந்தக் கணத்தில் சாதாரணக் கோரிக்கை பாதியில் அறுந்துவிடலாம், அதனால் பிரௌசரில் இருக்கும் சென்ட்பீக்கன் என்ற கட்டளை வழியாக அனுப்புங்கள். பக்கம் போன பிறகும் பிரௌசர் அதைக் கொண்டுசேர்க்கும். அதில் தனி ஹெட்டர், அதாவது கோரிக்கையின் தலைப்பில் போகும் கூடுதல் குறிப்பு எதுவும் வைக்க முடியாது. உங்கள் படிவங்களில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கோரிக்கை நம் பக்கத்திலிருந்தே வந்தது என்று காட்டும் ரகசியக் குறி) ஹெட்டரில் போகிறது என்றால் இங்கே அதைத் தகவலுக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும்.

நிலை 'மறைந்தது' ஆனதும் 30 நொடிப் பிங்கை நிறுத்துங்கள், திரும்பத் தெரியும்போது தொடங்குங்கள். நிறுத்தாமல் விட்டால் பின்னணி டேப்பிலும் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும். குரோம் 88ஆம் பதிப்பிலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமரை நிமிடத்துக்கு ஒருமுறை என்று குறைத்துவிடுகிறார்கள். ஆக அது குறையும், ஆனால் நிற்காது. அந்த 22 மணி நேரம் வேறு உருவத்தில் திரும்ப வந்து நிற்கும்.

இப்போது டேபிள். இதில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் சிரமப்படுகிறார்கள். ஒவ்வொரு பிங்கையும் ஒரு வரிசையாகச் சேமித்தால் ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 வரிசை. 200 பேர் ஆளுக்கு 6 மணி நேரம் என்றால் 1,44,000. மைஎஸ்க்யூஎல் தாங்கும், ஆனால் அவசியமில்லை. நான் வைப்பது 'துண்டு' டேபிள். பயனர் எண், தொடக்கம், முடிவு, மூன்றே பத்தி. பிங் வந்ததும் அந்தப் பயனரின் கடைசித் துண்டைப் பாருங்கள். அதன் முடிவுக்கும் இப்போதைக்கும் இடையே 75 நொடிக்குள் இருந்தால் முடிவை இப்போதைய நேரத்துக்கு நீட்டுங்கள். அதற்கு மேல் போயிருந்தால் புதுத் துண்டு தொடங்குங்கள். 75 ஏன் என்றால், நெட்வொர்க் தடுமாறி ஒரு பிங் தவறினாலும் துண்டு அறுந்துவிடக் கூடாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். ஒரு செவிலியர் 10:00:00க்குப் பாடத்தைத் திறக்கிறார். 10:12:10க்கு அழைப்பு வருகிறது, ஆப் மாறுகிறது, மறையும் பிங் வந்து சேர்கிறது. 10:20:05க்குத் திரும்ப வருகிறார். இடைவெளி கிட்டத்தட்ட 8 நிமிடம், ஆகவே புதுத் துண்டு. 10:31:00க்கு ஃபோனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிடுகிறது, எந்தத் தகவலும் வரவில்லை. கடைசிப் பிங் 10:30:35. முதல் துண்டு 12 நிமிடம் 10 நொடி, இரண்டாவது 10 நிமிடம் 30 நொடி, மொத்தம் 22 நிமிடம் 40 நொடி. அவருக்கு விட்டுப்போனது 25 நொடி. உங்கள் பழைய டேபிளில் இவர் வரிசை காலியாக நின்றிருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், லாகவுட் என்ற ஒன்றையே நாம் நம்பவில்லை. அழுத்தினாலும் சரி, அழுத்தாவிட்டாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

இன்னொன்று. 'நான் இத்தனை நொடி இருந்தேன்' என்று பிரௌசர் அனுப்பும் எண்ணை எப்போதும் சேர்க்காதீர்கள். பிங் வந்து சேர்ந்த நேரத்தை டேட்டாபேஸின் கடிகாரத்திலிருந்தே எடுங்கள். அப்படிச் செய்தால், யாராவது ஸ்கிரிப்ட் எழுதிப் பிங்கை மழையாகப் பொழிந்தாலும், ஒரு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சேர்க்க முடியாது.

---

நிலவன் எழுதியது:

சேந்தன் அண்ணா, இவ்வளவையும் நாமே கட்ட வேண்டுமா? கூகுள் அனலிட்டிக்ஸ் 4 போட்டால் ஈடுபாட்டு நேரம் என்று தானாகவே வருகிறதே. பக்கம் முன்னால் இருக்கும் நேரத்தை மட்டும்தான் அதுவும் கணக்கில் எடுக்கிறது என்று படித்தேன்.

---

சேந்தன் எழுதியது:

நிலவன், நீங்கள் படித்தது சரிதான். பழையதைவிட நான்காம் பதிப்பு இதில் நன்றாகவே செய்கிறது. எந்தப் பாடம் மக்களைப் பிடித்து வைக்கிறது, எதைத் திறந்ததும் ஓடிவிடுகிறார்கள் என்று மொத்தமாகத் தெரிந்துகொள்ள அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கயலுக்கு வேண்டியது பெயர் வாரியான பட்டியல். பெயர், மின்னஞ்சல் மாதிரி ஆளை அடையாளம் காட்டும் எதையும் அனுப்பக் கூடாது என்பது கூகுளின் விதி. அடையாளம் தெரியாத ஓர் எண்ணைப் பயனர் எண்ணாக அனுப்பலாம்தான். ஆனால் விளம்பரத் தடுப்பான் போட்டிருப்பவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். ஒருவருக்குச் சான்றிதழ் மறுக்கப்படுவது அவர் பிரௌசரில் என்ன எக்ஸ்டென்ஷன் இருக்கிறது என்பதைப் பொறுத்து அமையக் கூடாது. பிங் நம்முடைய முகவரிக்கே போனால் இந்தத் தொல்லை மிகவும் குறைவு.

---

யாழினி எழுதியது:

சேந்தன் எழுதிய துண்டு முறை எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் கயல், இதை அப்படியே ஏற்றுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நான் பாதுகாப்புப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள், இந்த இடத்தில் எனக்குக் கவலை உண்டு.

பிங் என்பதும் ஒரு கோரிக்கைதான். அது வரும்போதெல்லாம் செஷனைத் திறந்து மூடினால் செஷனின் ஆயுள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதாவது, பக்கம் திறந்திருக்கும் வரை தானியங்கி லாகவுட் நடக்கவே நடக்காது. பல பேர் கைமாறும் கம்ப்யூட்டரில் ஒருவர் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால், அவர் கணக்கு அப்படியே திறந்து கிடக்கும். அளப்பதற்காக வைத்த கருவி பூட்டைத் திறந்து வைத்துவிடும். சும்மா இருந்தால் தானாக வெளியேற்றும் நேரம், ஆபத்து குறைவான தளங்களுக்கு 15 முதல் 30 நிமிடம், முக்கியமான தகவல் உள்ளவற்றுக்கு 2 முதல் 5 நிமிடம் என்பது இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்பின் வழிகாட்டல். நேரம் எவ்வளவு வைத்தாலும், பிங் அதைத் தள்ளிக்கொண்டே போகக் கூடாது.

பிஹெச்பி 7 முதல், செஷனைத் தொடங்கும்போதே 'படித்துவிட்டு உடனே மூடு' என்று ஒரு தேர்வு கொடுக்கலாம். பிங்கை வாங்கும் கோப்பில் அதை மட்டும் பயன்படுத்துங்கள். செஷன் கோப்பில் எதுவும் எழுதப்படாது, அதன் ஆயுளும் நீளாது. கூடவே இன்னொரு நன்மை கிடைக்கும். பிஹெச்பி சாதாரணமாகச் செஷன் கோப்பைத் திறந்ததும் பூட்டிக்கொள்ளும், ஸ்கிரிப்ட் முடியும்வரை விடாது. அதே பயனரின் பக்கம் ஒன்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் பிங் வரிசையில் காத்திருக்கும். சில நேரம் பிங்கால் பக்கமே காத்திருக்கும். படித்துவிட்டு உடனே மூடினால் இந்த இழுபறி இல்லை.

அதோடு, செஷனுக்குள் 'கடைசியாகத் தானே ஏதாவது செய்த நேரம்' என்று ஒன்றை வைத்து, பக்கம் திறப்பது, விடை அனுப்புவது மாதிரி உண்மையான செயல்களில் மட்டும் அதைப் புதுப்பியுங்கள். வெளியேற்றுவதா வேண்டாமா என்பதை சர்வரில் அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குப்பைக் கோப்பு துடைக்கும் வேலையை நம்பிப் பாதுகாப்பை வைக்க வேண்டாம், அது ஓடும் நேரம் உங்கள் கையில் இல்லை.

---

கயல் எழுதியது:

சேந்தன் அண்ணா, யாழினி அக்கா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சோதனைச் சர்வரில் துண்டு டேபிளைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டேன். பிங் கோப்பில் அக்கா சொன்ன மாதிரியே செஷனைப் படித்துவிட்டு மூடுகிறேன். ஃபோனில் திரையைப் பூட்டினால் அந்த நொடியே முடிவு நேரம் பதிவாகிறது. முதல் தடவையாக எண்களைப் பார்த்து நம்ப முடிகிறது.

ஆனால் மூன்று சந்தேகம். ஒருவரே இரண்டு டேப்பில் இரண்டு பாடம் திறந்தால் நேரம் இரட்டிப்பாகுமா? கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து திரையில் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், பக்கம் தெரிந்துகொண்டுதானே இருக்கும், அதை எப்படித் தவிர்ப்பது? மூன்றாவது, வீடியோ 35, 40 நிமிடம் ஓடும். அதைப் பார்ப்பவர் எதையும் தொட மாட்டார். அவரை 'ஆள் இல்லை' என்று தள்ளிவிடக் கூடாது.

---

சேந்தன் எழுதியது:

யாழினி சொன்ன செஷன் விஷயம் மிக முக்கியமானது, அதை நான் முதல் பதிலில் தொடவில்லை. அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

இரண்டு டேப் பற்றி: துண்டு, பயனர் எண்ணை வைத்து இருப்பதால் இரட்டிப்பாகாது. எந்த டேப்பிலிருந்து பிங் வந்தாலும் அதே துண்டின் முடிவைத்தான் நீட்டும். ஃபோன், கம்ப்யூட்டர் இரண்டிலும் திறந்தால்கூட அப்படித்தான். ஒரே கணத்தில் இரண்டு பிங் வந்து இரண்டு புதுத் துண்டு உருவாகாமல் இருக்க மட்டும், பார்ப்பதையும் எழுதுவதையும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத ஒரே செயலாக) வைத்து, அந்தப் பயனரின் பதிவைப் பூட்டிக்கொள்ளுங்கள். பயனர் டேபிளில் உள்ள அவரது வரிசையைப் பூட்டுவது நல்லது. துண்டே இன்னும் பிறக்காத புதுப் பயனருக்குத் துண்டு டேபிளில் பூட்டுவதற்கு வரிசை இருக்காது.

உங்களுக்குப் பாடம் வாரியாக 6 மணி நேரம் வேண்டும் அல்லவா? அப்படியானால் பாட எண்ணும் ஒரு பத்தியாகச் சேரும், துண்டு என்பது பயனர், பாடம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. ஒரே விண்டோவில் இரண்டு டேப் என்றால் ஒன்று தெரியும்போது மற்றது மறைந்திருக்கும், சிக்கல் இல்லை. இரண்டு விண்டோவை அக்கம்பக்கமாக வைத்தால் இரண்டும் 'தெரிகிறது' என்றே சொல்லும், இரண்டு பாடத்துக்கும் நேரம் ஓடும். இதற்குப் பிங் வாங்கும் இடத்திலேயே ஒரு விதி வையுங்கள். கடைசியாகத் தொட்ட விண்டோ எதுவோ, அதன் பாடத்துக்கு மட்டும் நேரம். ஃபோகஸ் இருக்கிறதா, அதாவது தட்டச்சு இப்போது அந்த விண்டோவுக்குத்தான் போகிறதா என்று பக்கத்திடமே கேட்கலாம், அந்தப் பதிலைப் பிங்கோடு அனுப்பினால் போதும். ஆனால் ஃபோகஸ் இல்லாதவரை முழுதாகத் தள்ளாதீர்கள். ஒரு பக்கம் பாடம், இன்னொரு பக்கம் குறிப்பெடுக்கும் கோப்பு என்று உட்காருகிறவர்தான் உண்மையிலேயே படிக்கிறவர். வேறொரு பாடம் போட்டிக்கு இருக்கும்போது மட்டும் ஃபோகஸைப் பாருங்கள்.

டீ குடிக்கப் போனவர், வீடியோ பார்ப்பவர் இரண்டுக்கும் சேர்த்தே விடை. பக்கத்தில் கடைசியாக விரல் பட்டது, ஸ்க்ரோல் ஆனது, விசை அழுத்தியது எப்போது என்று ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் அதையும் ஓர் அசைவாகவே எடுங்கள். வீடியோ ஓடும்போது அவ்வப்போது எழும் நிகழ்வு ஒன்று இருக்கிறது, அதில் அந்த நேரத்தைப் புதுப்பித்தால் ஆயிற்று. இப்படி எதுவுமே இல்லாமல் 5 நிமிடம் போனால் பிங்கை நிறுத்துங்கள். பக்கத்தின் மேலே 'நேரம் நின்றிருக்கிறது, தொடரத் தொடுங்கள்' என்று ஒரு வரி காட்டுங்கள்.

5 நிமிடம் என்பது பாடத்தைப் பொறுத்தது. மருந்து அளவு அட்டவணை மாதிரி ஒரே திரையில் அடர்த்தியாக இருக்கும் பக்கத்தை ஸ்க்ரோல் செய்யாமல் பத்து நிமிடம் உற்றுப் பார்ப்பவர் இருப்பார். அந்த மாதிரிப் பக்கங்களுக்குக் கூட்டி வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மௌஸை அசைக்கச் சொல்லும் தளங்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. படிக்கிறவர் பாடத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்.

இதைவிட முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தை அவர்களுக்கே காட்டுங்கள். பாடத்தின் மூலையில் 'இதுவரை 2 மணி 14 நிமிடம்' என்று இருக்கட்டும். எப்படி எண்ணுகிறோம், எப்போது நிற்கும் என்று இரண்டு வரி எழுதி ஓர் இணைப்பு கொடுங்கள். ஒருவர் தளத்தில் இருந்த ஒவ்வொரு நிமிடத்தையும் குறித்துவைப்பது சாதாரண விஷயமில்லை, அது அவர்களைப் பற்றிய தகவல். தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. பட்டியலில் மாதக் கடைசியில் அதிர்ச்சியாகப் பார்ப்பதைவிட, தவறு இருந்தால் அன்றே உங்களுக்கு எழுதுவார்கள். உங்களுக்கும் பிழை சீக்கிரம் தெரியும்.

---

யாழினி எழுதியது:

கடைசிப் பத்தியை வழிமொழிகிறேன். கூடவே, பாட எண்ணைத் தாண்டி எந்தப் பக்கம், எந்த வரி என்றெல்லாம் சேர்க்காதீர்கள். ஐபி முகவரியும் இந்த டேபிளில் வேண்டாம். நேரம் கணக்கிட அது தேவையில்லை. தேவையில்லாமல் சேர்த்துவைத்த தகவலுக்கு நாளை யாராவது ஒரு தேவையைக் கண்டுபிடிப்பார்கள். இவர் இரவில் எத்தனை மணிக்கு விழித்திருக்கிறார் என்று மேலதிகாரி பார்க்கும் நிலை வரக் கூடாது. சான்றிதழ் கொடுத்து, முறையீட்டுக்கான காலமும் முடிந்த பிறகு துண்டுகளை அழித்துவிட்டு மொத்த நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

---

கயல் எழுதியது:

ஐபி முகவரியைச் சேர்த்திருந்தேன், இன்றே எடுத்துவிடுகிறேன். நேரத்தைப் பயனருக்கே காட்டுவது நல்ல யோசனை. மேலே கேட்டுப் பார்த்தேன், ஒப்புக்கொண்டார்கள்.

கடைசியாக ஒன்று. பாடத்தைப் பிடிஎஃப்பாக இறக்கிப் படிக்கும் வசதியும் இருக்கிறது. நெட்வொர்க் சரியில்லாத இடத்திலிருந்து வருகிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். அவர்கள் நேரம் எதிலும் வராது. பிங்கை ஃபோனிலேயே சேமித்துப் பிறகு அனுப்பலாமா?

---

சேந்தன் எழுதியது:

பிடிஎஃப் திறந்ததும் அது நம் பக்கம் இல்லை, அங்கே பிங் ஓடாது. நெட்வொர்க் அறுந்த நேரத்துப் பிங்கைச் சேமித்துப் பிறகு அனுப்புவதும் கூடாது. அதில் இருப்பது பயனரின் ஃபோன் கடிகாரம். அதை ஏற்றுக்கொண்டால், சர்வர் நேரத்தை மட்டும் நம்புவோம் என்ற ஒரே பிடிமானமும் போய்விடும்.

இதற்கு நேரக் கணக்கில் தீர்வு இல்லை என்று பட்டியல் கேட்பவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். பட்டியலில் அந்தப் பத்தியின் தலைப்பையே 'தளத்தில் பதிவான குறைந்தபட்ச நேரம்' என்று மாற்றுங்கள். நொடிகள் வேண்டாம், நிமிடம் போதும். நொடி வரை காட்டினால் அவ்வளவு துல்லியம் இருப்பதாக நம்பிவிடுவார்கள். பிடிஎஃப் இறக்கியவர்களுக்குப் பாடத்தின் முடிவில் ஒரு தேர்வு வைத்து, அதில் தேறினால் நேரக் குறைவை விட்டுக்கொடுக்கும்படி எழுத்தில் விதி கேளுங்கள். பாடம் மண்டையில் ஏறியதா என்பதுதானே அவர்களுக்கும் வேண்டும், அதைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வது நேரத்தை எண்ணுவதைவிட எவ்வளவோ மேல்.

துண்டு டேபிளில் நேரத்தை டைம்ஸ்டாம்ப் வகையில் வைத்திருக்கிறீர்களா, டேட்டைம் வகையிலா? டைம்ஸ்டாம்ப் என்றால் மைஎஸ்க்யூஎல் உள்ளே யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொண்டு, இணைப்பின் நேர மண்டலத்துக்கு மாற்றித் தரும். டேட்டைம் என்றால் நீங்கள் எழுதியது எழுதியபடியே இருக்கும், பிறகு சர்வரை இடம் மாற்றினால் குழம்பும். அப்புறம், மாதக் கடைசி நள்ளிரவைத் தாண்டும் துண்டுகள் இருக்கும். இரவுப் பணியில் இருப்பவர்கள் உங்களிடம் நிறைய இருப்பார்கள். தொடக்கம் எந்த மாதமோ அதில் முழுதாகப் போடாமல், நள்ளிரவில் வெட்டி இரண்டு மாதத்துக்கும் பிரித்துச் சேருங்கள்.

---

கயல் எழுதியது:

டேட்டைமில்தான் இருக்கிறது. டைம்ஸ்டாம்புக்கு மாற்றிவிட்டு, நள்ளிரவு வெட்டும் வினவலை எழுதி இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். தேர்வு பற்றிய விதியை இந்த வாரக் கூட்டத்தில் எழுத்தில் கேட்கப்போகிறேன்.